ஒரே எண், இரண்டு வால்கள்

ஜனவரி 12

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் சுகம். அவருடைய முட்டிவலி மட்டும் ஒட்டிக்கொண்ட விருந்தாளி மாதிரி கிளம்பவே மாட்டேன் என்கிறது. தீவில் நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? கூரை ஒழுகுவது நின்றதா?

ஒரு செய்தி. சம்பளப் பிரிவிலிருந்து என்னைத் தூக்கித் திமிங்கிலங்களிடம் போட்டுவிட்டார்கள். உங்கள் தீவு நிலையம், வடமுனை நிலையம், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கரை நிலையம் ஆகிய மூன்றிலும் இத்தனை வருடமாகச் சேர்ந்த பதிவுகளை ஒன்றாக்க வேண்டுமாம். எனக்கு முன்பிருந்தவர் பாதி ஒன்றாக்கிவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மீதி என் தலையில். "சம்பளத்துல யாருக்கும் ஒரு தப்பு வராம பாத்தீங்களே, இதையும் பாருங்க" என்கிறார் டைரக்டர். எறும்பு ஊர்ந்தாலே காலைத் தூக்கிக்கொள்கிற எனக்குத் திமிங்கிலம்! என் ஜன்னலுக்கு வெளியே தெரிவதெல்லாம் சைக்கிள் கொட்டகைதான்.

ஒன்று சொல். எல்லாம் கறுப்பாக, எல்லாம் பெரிதாக இருக்கிற பிராணிகளில் இது இன்னது, அது இன்னது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? வயர்லெஸ்ஸில் கேட்டால் மூன்று நிலையமும் காது கொடுத்துக் கேட்கும். அதனால்தான் கடிதம். உன் அண்ணன் சொல்லச் சொன்னார்: "வாலுன்னு பேர் வெச்சோம், வாலையே படம் எடுக்கப் போயிட்டா."

உன் வீட்டுக்காரருக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். கூரை இப்போது ஒரே இடத்தில்தான் ஒழுகுகிறது. அந்த இடத்தில் வாளியை வைத்துவிட்டேன். அண்ணனின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். திமிங்கிலம் ஆழத்துக்கு முங்கும்போது வால் துடுப்பை மேலே தூக்கும். அண்ணன் வீட்டுக் கதவு இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு அகலமோ, அதைவிட அகலம். தண்ணீர் அதிலிருந்து திரைச்சீலை மாதிரி வழியும். அடிப்பக்கத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு கோலம் தெரியும். அந்தக் கோலம் ஒன்றுக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. நம் கைரேகை மாதிரி. அதைப் படம் எடுக்க நமக்குக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம். பிறகு அது போய்விடும், கடல் ஒன்றுமே நடக்காதது போல மூடிக்கொள்ளும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நேரத்தில் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

புதிய வால் என்றால் அடுத்த எண்ணைக் கொடுப்போம். ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். ஒரு சிலவற்றுக்குப் பட்டப்பெயரும் உண்டு. நான் வந்த வருடம் எடுத்த முப்பத்தொன்றாம் எண்ணுக்கு வால் ஓரத்தில் தையல் போட்டது போல ஒரு வரிசைத் தழும்பு. தையல்காரி என்று பெயர் வைத்தோம். அவளைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. "இறந்திருக்கலாம்" என்று பதிந்திருக்கிறோம்.

படகு இன்ஜின் இருமுகிறது. மற்றபடி குறையில்லை.

அன்புள்ள,
வாலு


மார்ச் 1

அன்பு வாலு,

சுகம்தானே? நாங்கள் சுகத்துக்கும் மேலே. உட்கார்ந்து படி.

உங்கள் ஐம்பத்தெட்டாம் எண் திமிங்கிலம் கடலைத் தாண்டியிருக்கிறது! போன மே மாதம் உங்கள் தீவில் பதிவு. நவம்பரில் அக்கரையில் பதிவு. மூன்று நிலையங்களையும் ஒரே திரையில் போட்டதும் ஒரே எண்ணுக்குக் கீழே இரண்டு கரையும் வந்து நின்றன. டைரக்டரைக் கூப்பிட்டேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். "இந்தக் கடல் முழுசையுமா? முழுசையுமா?" என்று இரண்டு முறை கேட்டார். அன்று இரவு மொட்டை மாடியில் உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் கொட்டாவி விடாமல் முழுசையும் கேட்டார். உனக்கே தெரியும், அது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று.

இன்னொன்றும் சொல்கிறேன், பயப்படாதே. திமிங்கிலம் குறைந்துவிட்டது என்று உங்கள் நிலையத்தை மூடும் யோசனை மேலிடத்தில் இருந்ததாம். டைரக்டர் இப்போதுதான் சொன்னார். ஐம்பத்தெட்டு வந்து காப்பாற்றிவிட்டது. வரும் வாரம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிவிக்கப் போகிறோம். உன் வீட்டுக்காரரிடமும் சொல். படகை ஓட்டி அதன் பக்கத்தில் நிறுத்தியது அவர்தானே?

அவர் எப்படி இருக்கிறார்? போன கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 9

அன்பு வாலு,

உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுத வேண்டி வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டு.

அறிவிப்புக்கு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துத் தரச் சொன்னார் டைரக்டர். எடுத்துப் போட்டேன். தீவுப் படத்தில் வால் பாதிக்கு மேல் வெள்ளை. அக்கரைப் படத்தில் வால் முழுக்கக் கரி. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குருடியும் சொல்வாள், அவை இரண்டும் வேறு வேறு.

நடந்தது இதுதான். நீங்களும் ஒன்றிலிருந்து எண் போட்டீர்கள், அவர்களும் ஒன்றிலிருந்து எண் போட்டார்கள். உங்களுக்கு ஓர் ஐம்பத்தெட்டு, அவர்களுக்கு ஓர் ஐம்பத்தெட்டு. ஒன்றன்மேல் ஒன்று கொட்டியதும், எண் ஒன்றுதானே என்று கணினி இரண்டையும் ஒரே உயிராக்கிவிட்டது. எண்ணைப் பார்த்த பிறகு முகத்தை யார் பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை.

படங்களை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனேன். அவர் வரவேற்புரை எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், இது ஒரு திமிங்கிலம் இல்ல. ரெண்டு."

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?" என்றார். மிரட்டலாக இல்லை, அலுப்பாக.

"எனக்குத் தெரியுமே சார்."

"அந்தத் தீவுல உங்க நாத்தனார்தானே இருக்காங்க?"

"ஆமா சார்."

அவர் உரையை எழுதிய தாளை இரண்டாக மடித்தார். தொலைபேசியை எடுத்துப் பத்திரிகைக்காரர்களை வரவேண்டாம் என்றார்.

உன் வேலைக்கும் வீட்டுக்கும் நானே வேட்டு வைத்தேனோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வேறு வழி தெரியவில்லை, வாலு.

உன் அண்ணி


மே 2

அன்பு வாலு,

இரண்டு தபால் படகு வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வயர்லெஸ்ஸில் நிலையத்தைக் கூப்பிடச் சொன்னேன். "நலம், வேலை நடக்கிறது" என்று மட்டும் சொன்னாயாம். உன் அண்ணன் வாசலுக்கும் அறைக்குமாக நடக்கிறார். முட்டிவலியெல்லாம் எங்கே போனதோ.

கோபமாக இருந்தாலும் இதைக் கேள்.

எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் அதன் வீட்டுப் பெயரைச் சேர்த்தேன்: தீவு-58, அக்கரை-58, வடமுனை-12. ஒரே வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருந்தால் இனிஷியல் போட்டுக் கூப்பிடுவதில்லையா, அதேதான். யாருடைய பழைய எண்ணையும் அழிக்கவில்லை. ஒருமுறை கொடுத்த எண்ணை, அது செத்தே போனாலும், வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை. எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இனி எதையும் சேர்க்கமாட்டோம். இரண்டு பேர் தனித்தனியாக வால்களைப் பார்த்து, இருவரும் "இது அதுவே" என்றால்தான் சேர்ப்போம்.

பிரித்து முடித்த அன்று மாலை மொத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். முன்பு முந்நூற்றுச் சொச்சம் திமிங்கிலம் என்று இருந்தது. இப்போது ஐந்நூறைத் தாண்டிவிட்டது. தப்பு செய்துவிட்டேன் என்று மறுபடி போட்டேன். அதே ஐந்நூறு. எண் மோதிய இடத்திலெல்லாம் ஒன்று இன்னொன்றின் அடியில் மூழ்கிக் கிடந்திருக்கிறது, வாலு. என் மேஜைக்கு முன்னால், சைக்கிள் கொட்டகையைப் பார்த்த ஜன்னலோரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வருகின்றன. ஒவ்வொரு படமாகத் திறந்தேன். ஒவ்வொன்றும் வேறு. ஐந்நூறு உயிரில் ஒன்றுக்கும் மற்றொன்றின் கோலம் இல்லை. விளக்கைப் போடக்கூடத் தோன்றவில்லை.

மூழ்கியவற்றில் பெரும்பாலும் உங்களுடையவை. எனக்கு முன்பிருந்தவர் அக்கரைப் பதிவைக் கடைசியாக ஏற்றியதால், உங்கள் திமிங்கிலங்கள் அவர்கள் கணக்கில் போய்விட்டன. தீவில் குறைந்துவிட்டது என்று மேலிடம் நினைத்தது அதனால்தான். இதை எழுதி டைரக்டரிடம் கொடுத்திருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியாது.

ஒரு வரியாவது எழுது. வசவாக இருந்தாலும் சரி.

அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் மேல் எனக்கு என்ன கோபம்? நீங்கள் செய்தது சரி. கடலில் இருக்கிறவளுக்குப் பொய்யை நம்பி ஒரு நாள்கூட ஓட்டமுடியாது. எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, அவ்வளவுதான். அண்ணனை நடப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஐந்நூறு என்று படித்ததும் கரைக்குப் போய் நின்றேன். தினமும் பார்க்கிற அதே தண்ணீர்தான். அதற்குள் நான் நினைத்ததைவிட இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்றால், யாருமில்லாத வீடு என்று நினைத்துக் கதவைத் திறந்தால் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

இந்த வருடப் படங்களைக் குறுந்தட்டில் போட்டு அனுப்புகிறேன். ஒரு வேண்டுகோள். மற்ற நிலையங்களின் படங்களில் தையல்காரியைத் தேடிப் பார்ப்பீர்களா? அவள் எண்ணை வைத்துத் தேடாதீர்கள். வாலை வைத்துத் தேடுங்கள்.

வாலு


ஜூன் 24

அன்பு வாலு,

சுகமா? கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே.

தையல்காரி உயிரோடு இருக்கிறாள்.

அக்கரை-204. எண்ணை வைத்துப் பார்த்தால் இந்த ஜன்மத்தில் கிடைத்திருக்கமாட்டாள். அவர்களுடைய முப்பத்தொன்று வேறு ஏதோ ஓர் ஆண் திமிங்கிலம். மதியச் சாப்பாட்டை மறந்து ஒவ்வொரு வாலாகப் பார்த்துக்கொண்டே போனேன். இருநூற்று நான்கில் அந்தத் தையல் வரிசை. தழும்பை எண்ணினேன். நீ எடுத்த பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தேன். வலது ஓரத்தில் சிறிய வெட்டு, அதுகூட அப்படியே இருக்கிறது. நான் ஒருத்தி சொன்னால் போதாது என்பது நானே போட்ட சட்டம். டைரக்டரிடம் பெயர் சொல்லாமல் இருபது படங்களைக் கொடுத்து, "இதுல எது ஒண்ணுன்னு பாருங்க சார்" என்றேன். மனிதர் இந்த முறை அவசரப்படவில்லை. தேநீர் ஆறிப்போகும்வரை பார்த்தார். பிறகு இரண்டு படங்களை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதே இரண்டு.

"இவ எங்க இருந்து எங்க போயிருக்கா..." என்றார். நாங்கள் இரண்டு பேரும் சுவரில் இருந்த கடல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீலம், நீலம், அந்தக் கோடிவரை நீலம். வழியில் ஒரு கையகலத் தரை இல்லை. யார் வழி காட்டினார்கள் அவளுக்கு? அக்கரைக்காரர்களின் போன வருடப் படத்தில் அவள் பக்கத்தில் ஒரு குட்டி இருக்கிறது.

இனி இவளுக்கு மேலே புதிதாக ஓர் எண். அதன் கீழே தீவு-31, அக்கரை-204 இரண்டும் இருக்கும். பிறந்த வீட்டுப் பெயரும் போகவில்லை, போன இடத்துப் பெயரும் போகவில்லை.

இன்னொன்று. நீ அனுப்பிய இந்த வருடப் படங்களை எல்லாம் பார்த்தேன். போன வருடம்வரை உன் படங்களில் கடல் நேராக இருக்கும். இந்த வருடம் எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாகச் சாய்கிறது. தூரத்திலிருந்தும் எடுத்திருக்கிறாய். ஒரு கையால் எடுத்த படம் அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு கை எங்கே இருந்தது, வாலு?

அண்ணி


ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

இன்னொரு கை சுக்கானில் இருந்தது.

அவர் போன டிசம்பரிலேயே தபால் படகில் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால்கூடச் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்கும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "எனக்கு இந்த அலைச் சத்தம் ஆகல. மனுஷங்க பேசுற சத்தம் வேணும்" என்றார். "போயிட்டு வாங்க" என்றேன். "வரமாட்டேன்னு நினைக்கிறேன்" என்றார். துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். அவருடைய சட்டைகளை நானே மடித்துப் பையில் வைத்தேன். படகு மறையும்வரை அவர் கரையைப் பார்த்தபடிதான் நின்றார்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அண்ணன் மறுநாளே கிளம்பிவந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்குப் போகத் தெரியவில்லை அண்ணி. நிலையத்தை மூடும் யோசனை பற்றி நீங்கள் எழுதியபோது, இருக்கிற ஓர் இடமும் போகிறதே என்று கை ஓடவில்லை. அதுதான் அந்த மௌனம். உங்கள் மேல் கோபம் இல்லை.

தையல்காரி செய்தியைப் படகில் வைத்துப் படித்தேன். இன்ஜினை நிறுத்திவிட்டுப் படித்தேன். முதல் வருடம் அவளைப் படம் எடுத்தபோது அவர்தான் படகைத் திருப்பினார். இரண்டு பேரும் கூச்சல் போட்டோம். நாங்கள் செத்துவிட்டதாக நினைத்தவள், இத்தனை காலமும் அங்கே ஒரு கரையில் மூச்சுவிட்டுக்கொண்டு, குட்டி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியவில்லை என்பதைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அழுகை வந்தது. துக்கத்தினால் இல்லை. எதனால் என்று சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய கடல், அண்ணி.

அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

வாலு


ஆகஸ்ட் 14

அன்பு வாலு,

சொல்லிவிட்டேன். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் உன் அண்ணனிடம் நான் மறைத்து ஜெயித்தது எதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்ததுமே, "அவளுக்கு என்ன?" என்றார். கேட்டுவிட்டு, கரண்ட் வேலைக்குக் கொண்டுபோகும் கருவிப் பையை எடுத்து, உள்ளே இருந்ததை எல்லாம் கொட்டித் துடைத்தார். பிறகு, "எட்டு மாசமா தனியா படகு ஓட்டியிருக்கா. ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்றார். அதில் கோபம் பாதி, பெருமை பாதி.

அடுத்த தபால் படகில் வருகிறார். கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார். உன் பாடு, அவர் பாடு.

உங்கள் நிலையத்தை மூடவில்லை. குட்டிகளோடு வரும் தாய்கள் மிக அதிகம் உங்கள் தீவுக்குத்தான் என்று பிரித்த கணக்கு சொல்கிறது. மூன்று வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். படகோட்டி ஒருவரைப் போடவும் அனுமதி வந்துவிட்டது. மூன்று நிலையங்களின் படங்களையும் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அவருக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழம் வைத்திரு.

அண்ணி


செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அண்ணன் வந்து இறங்கியபோது முகம் பச்சையாக இருந்தது. கரையில் கால் வைத்ததும் சொன்ன முதல் வார்த்தை, "எலுமிச்சம்பழம் இருக்கா?" அன்று முழுக்க என் வீட்டுக்காரரைப் பற்றி அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. கூரையில் ஏறி ஒழுகலை அடைத்தார். ஒயர்களை எல்லாம் மாற்றினார். "நாளைக்கு மூட்டை கட்டு" என்றார் சாப்பிடும்போது. "நாளைக்கு வேலை இருக்குண்ணா, நீயும் வா" என்றேன்.

காலையில் படகில் ஏற்றினேன். சுக்கானை அவர் கையில் கொடுத்தேன்.

"எனக்கு கரண்ட்தான் தெரியும், கடல் தெரியாது."

"நேரா பிடி, போதும்."

கரை மறைந்ததும் ஆரம்பித்தார். "சுத்திலும் தண்ணி. ஒரு கடை உண்டா? ஒரு ஆள் அரவம் உண்டா? இதுக்காகவா நீ இங்க கிடக்குற?"

நான் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தார். பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தண்ணீர் மெதுவாக மேடானது. சத்தமே இல்லை. மேடு கறுத்தது, முதுகானது, முடியாமல் வந்துகொண்டே இருந்தது. பிறகு அது மூச்சுவிட்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு எழுத்து கிடையாது. மூச்சோடு பீறிட்ட தண்ணீர் எங்கள் இருவர் மேலும் மழை மாதிரி விழுந்தது. அதன் மறுபக்கத்தில் சின்னதாக இன்னொரு மூச்சு. குட்டி. சின்னது என்றால், நம் படகைவிடக் கொஞ்சம்தான் சின்னது. தாய் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். கண் தெரிந்தது. அந்தக் கண் அண்ணனைப் பார்த்தது. அவசரமே இல்லாமல் பார்த்தது. பிறகு முன்னால் போய், வாலைத் தூக்கி, இறங்கிவிட்டாள். குட்டியும் தூக்கப் பார்த்தது. பாதிதான் வந்தது.

அண்ணன் சுக்கானை விட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெகுநேரம் கழித்து, கோயிலில் பேசுகிற குரலில் கேட்டார்:

"இதுக்காகத்தானா?"

"ஆமாண்ணா."

அதன் பிறகு மூட்டை பற்றிப் பேச்சே இல்லை.

மாலையில் இருவருமாக உட்கார்ந்து, தனித்தனியாக, மூன்று நிலையங்களின் எல்லா வால்களோடும் அந்தத் தாயை ஒப்பிட்டோம். அண்ணன் என்னைவிட மெதுவாகப் பார்க்கிறார், என்னைவிடக் கண்டிப்பாகப் பார்க்கிறார். இல்லை அண்ணி. எங்கேயும் இல்லை. தீவிலும் இல்லை, வடமுனையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. அவ்வளவு பெரிய உயிரை இதுவரை யாரும் பதிந்ததே இல்லை.

"அப்போ இத்தனை வருஷமும் இவ எங்க இருந்தா?" என்று அண்ணன் கேட்டார்.

ஜன்னலைத் திறந்தேன். இருட்டில் கடல் மட்டும் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தோம்.

தாய்க்கு ஓர் எண், குட்டிக்கு ஓர் எண் கொடுங்கள். படங்கள் இதனுடன் இருக்கின்றன. அண்ணன் இந்தப் படகில் வரவில்லை. நாளைக்கும் கடலுக்குப் போகவேண்டுமாம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நீங்களும் ஒருமுறை வாருங்கள்.

அன்புள்ள,
வாலு